தாகமும் தவமும்



கத்திரி வெயில் காலத்தில் நம் வட ஆர்க்காட்டுச் சீமையில் வெப்பமானி 40 டிகிரி செல்சியசைக் கடப்பது புதிய செய்தியன்று. ஆயினும் அண்மைக் கோடைகள் நாம் இளமையில் கண்ட கோடைகளைப் போன்றவை அல்ல என்பதை வயது முதிர்ந்தோர் யாவரும் அறிவர். தமிழக அரசே 2024 ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களுள் ஒன்றாக அறிவித்தது. இத்தகைய வெயிலில், நோன்பும் விரதமும் மேற்கொள்ளும் நம் இல்லங்கள் நீரைப் பற்றி எவ்வாறு எண்ண வேண்டும் என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் முனிவர் பொறுத்தற்குரிய பரீஷகங்கள் 22 என வகுக்கின்றது. அவற்றுள் முதலாவது பசி, இரண்டாவது தாகம், மூன்றாவது குளிர், நான்காவது வெப்பம். உமாசுவாதி ஆசாரியர் தாகத்தையும் வெப்பத்தையும் வரிசையின் முன்னே நிறுத்தியது காரணமின்றி அன்று. திகம்பர முனிவர் நாளொன்றுக்கு ஒரே முறை, நின்றவாறு, தம் கைகளையே கலமாகக் கொண்டு உண்பவர். நீரும் அப்பொழுது மட்டுமே. அடுத்த நாள் அந்நேரம் வரை ஒரு துளியும் இல்லை. வெறுங்காலுடன் கொதிக்கும் தார்ச்சாலையில் நடந்து வந்தாலும் இதுவே நெறி.

இதனை நன்குணர்ந்தால், ஆகாரதானம் செய்யும் இல்லத்தாரின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பது விளங்கும். உணவில் ஒரு மயிரோ, ஓர் எறும்போ காணப்படின் அந்தராயம் நேர்ந்துவிடும்; முனிவர் அக்கணமே கைகளைப் பிரித்துவிடுவார். சித்திரைத் திங்களில் நம் கவனக்குறைவால் விழுந்த ஒரு மயிர், ஒரு மாதவரை மேலும் 24 மணி நேரம் நீரின்றி இருக்கச் செய்யும். ஆதலின் கோடையில் முனிவரை எதிர்கொள்ளும் பேறு பெற்றோர் நெய்யிலும் பருப்பிலும் காட்டும் அக்கறையைவிட, காய்ச்சி ஆறிய நீரில் பன்மடங்கு அக்கறை காட்டுவாராக. பண்டம் பல பரப்புவதில் நம் சாவகியர்க்கு உள்ள ஆர்வம் பெரிது. நீர்க்குடத்தை இருமுறை உற்றுநோக்கும் பொறுமைதான் சிறிது. இதனைக் குறை கூறுவதாகக் கொள்ளற்க. எம் சமையலறையிலும் கண்டதையே கூறினோம்.

இனி, முனிவர்க்குரிய பரீஷகத்தை இல்லறத்தார் தமக்கும் உரியதென எடுத்துக்கொள்வது பற்றிச் சொல்லவேண்டும். இது எம் குடும்பத்தில் நிகழ்ந்தது. நாமும் இதில் பிழை செய்தவரே.

எம் தமக்கையார் எம்மினும் 4 ஆண்டு மூத்தவர். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் உபவாசம் இருப்பதை மணமான நாள் முதல் விடாதவர். 2024 ஆம் ஆண்டு, மகாவீரர் பிறந்த நாள் விழாவை அடுத்து வந்த சதுர்த்தசியில் அவர் முறைப்படி புரோஷதோபவாசம் பூண்டார். அதாவது, திரயோதசி நண்பகலில் ஒருவேளை உணவு. சதுர்த்தசி முழுதும் நீருமின்றி நோன்பு. பௌர்ணமி நண்பகலில் பாரணை. மொத்தம் 16 யாமம், 48 மணி நேரம். அகவை அப்போது 78. இரத்தக் கொதிப்பிற்காக நாள்தோறும் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்பவர் என்பதை எம்மிடமும் அவர் கூறியதில்லை.

சதுர்த்தசியன்று காலை, "தாகம் எடுக்கின்றதா, அக்கா?" என வினவினோம். "எனக்குத் தாகமே எடுக்கவில்லை" என்றார். அருகிருந்த பெண்களிடம், "தாகத்தை வென்றவரைக் காணுங்கள்" என்று நாம் பெருமிதத்துடன் கூறினோம். பிற்பகல் மூன்று மணி அளவில் ஜினாலயத்து முன் இட்டிருந்த தகரப் பந்தலின் கீழ், தூணிற் சாய்ந்து கண்மூடி அமர்ந்திருந்தார். சாமாயிகத்தில் இருக்கின்றார் என எண்ணிச் சிலர் கைகூப்பிச் சென்றனர். கைகூப்பியவருள் நாமும் ஒருவர்.

எம் மகள்தான் அருகே சென்று நெற்றியைத் தொட்டாள். தோல் உலர்ந்து நெருப்பாய்க் கொதித்தது. "பெரியம்மா, பெரியம்மா" என அவள் உலுக்க, தமக்கையார் கண் திறந்து, அவளை மறைந்துபோன எம் அன்னையார் என எண்ணி, "அம்மா, கிணற்றில் நீர் இருக்கிறதா?" என்று கேட்டார். பிறகு நினைவு தப்பியது. ஒருவர் செம்பு நீரை வாயில் ஊற்ற முற்பட, மகள் தடுத்துவிட்டாள். நினைவிழந்தவர் வாயில் ஊற்றிய நீர் மூச்சுக்குழலுட் சென்று உயிரையே வாங்கும் என்பதை அன்றுதான் அங்கிருந்தோர் அறிந்தனர். நிழலிற் கிடத்தி, மேனி முழுதும் நீர் தெளித்து, விசிறி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, 108 வண்டியில் ஏற்றினோம். ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். உயிர் தங்கியது. சிறுநீரகங்கள் முன்போல் இல்லை.

மருத்துவர் கூறிய ஒன்று எம்மை உறங்கவிடவில்லை. முதுமையில் தாக உணர்ச்சி மங்கிவிடுமாம். உடல் வறண்டிருந்தும் நாவிற்கு அது தெரியாதாம். நீரைத் தேக்கிக்கொள்ளும் சிறுநீரகத்தின் ஆற்றலும் குறையுமாம். அப்படியாயின், தமக்கையார் தாகத்தை வென்றார் என நாம் போற்றியது என்ன? தாகத்தை உணர்ந்து, அதனிடம் வெறுப்போ விருப்போ கொள்ளாது நிற்பதே பரீஷக வெற்றி. உணர்வே எழாத இடத்தில் வெல்வதற்கு எதிரியே இல்லை. மூப்பின் தளர்ச்சியை நாம் தவத்தின் வலிமை எனப் பிறழ உணர்ந்தோம். அப்பிறழ்ச்சியைப் பலர் முன் புகழ்ந்தும் உரைத்தோம்.

ஆசிரியப் பயிற்சியில் உடலியல் கற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதனையே பிள்ளைகட்குக் கற்பித்தவர் நாம். உடலின் இயல்பு வெப்பம் 37 டிகிரி. புறவெப்பம் மிகுங்கால் வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். நீரும் உப்பும் குறைந்தால் அப்பணி தடைப்படும். அகவெப்பம் 40 டிகிரியைத் தாண்டின் மூளை கலங்கும் என்றெல்லாம் கரும்பலகையில் எழுதியிருக்கின்றோம். எழுதியது வேறு, பந்தலின் கீழ் கண்டது வேறாயிற்று. தவறு செய்த பிள்ளைகளை வெயிலில் நிறுத்திய நாள்களும் உண்டு. அவற்றை இப்பொழுது நினைக்க நெஞ்சம் கூசுகின்றது.

நம் ஆகமங்கள் இப்பிறழ்ச்சிக்கு இடந்தரவில்லை. தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமாகிய பதினாறு பாவனைகளுள் "சக்திதஸ் தபம்" ஒன்று. தன் ஆற்றலுக்கேற்ற தவம் என்பது பொருள். ஆற்றலை ஒளிக்காமையும், ஆற்றலை மிகாமையும் இரண்டும் அதனுள் அடங்கும் என்றே நாம் கொள்கின்றோம். இம்சைக்கு ஆசாரியர் தந்த இலக்கணத்தில் பிரமாதம், அதாவது விழிப்பின்மை, முதலில் நிற்கின்றது. விழிப்பின்மையால் எறும்பின் உயிருக்கு ஊறு செய்வது இம்சையாயின், அதே விழிப்பின்மையால் தன் உயிருக்கே ஊறு செய்வது மட்டும் எங்ஙனம் தவமாகும்? சல்லேகனையை இதனோடு இணைத்துப் பேசுவாரும் உளர். அது வேறு காலத்தில், வேறு காரணத்தால், ஆசாரியர் இசைவுடன் மேற்கொள்வது. சித்திரை வெயிலில் தற்செயலாய் நேர்வதன்று.

புறத்தவம் ஆறு. அவற்றுள் அனசனம் ஒன்று மட்டுமே முழு உண்ணாமை. குறைத்துண்ணலாகிய அவமௌதரியமும், சுவை துறத்தலாகிய ரசபரித்தியாகமும் தவமே. உபவாசம் இயலாதவர் ஒருவேளை உணவும் வேண்டும்போது நீரும் கொண்டு அந்நாளைக் கழிக்கலாம். எழுபதைக் கடந்தோர், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, சிறுநீரக நோய் உடையோர், கருவுற்றோர், பாலூட்டுவோர் ஆகியோர் கோடைக் காலத்தில் இதனையே கைக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். மருந்தைத் தாமே நிறுத்துதலும் கூடாது. நோன்பு பூணுமுன் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்பது விரதத்திற்கு இழுக்காகாது.

ரசபரித்தியாகத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஞாயிறுதோறும் உப்பைத் துறக்கும் வழக்கம் நம்மவர் பலரிடம் உள்ளது. பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு என்னும் ஆறு ரசங்களுள் எதனையும் துறக்கலாம் அன்றோ? வியர்வையோடு உப்பும் வெளியேறும் இப்பருவத்தில், கழனியிலும் களத்திலும் உழைப்போர் உப்பிற்கு மாறாக நெய்யையோ சர்க்கரையையோ துறப்பாராக. நெய்யைத் துறத்தல் நாவிற்கு இன்னும் கடினமானது என்பதையும் சொல்லிவைக்கின்றோம்!

இரவில் உண்ணாமை நம் குலத்தின் அணிகலம். நால்வகை ஆகாரத்தையும் இரவில் துறந்தோர் கோடையில் ஏறத்தாழ 11 மணி நேரம் நீரின்றிக் கழிக்கின்றனர். மாலையில் கதிரவன் மறையுமுன் மூன்று செம்பு நீரை ஒருசேரக் குடிப்பதால் பயன் சிறிதே. உடல் அதனை விரைவில் வெளியேற்றிவிடும். காலை முதல் மணிக்கொரு குவளையாகத் தாகம் வருமுன்னரே பருகி வருதல் வேண்டும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருப்பின் நன்று. கருமஞ்சளாயின் நீர் போதவில்லை. இதய நோயினரும் சிறுநீரக நோயினரும் மருத்துவர் குறித்த அளவிலேயே நிற்பர். இரவில் எவர்க்கேனும் வெப்பத்தால் தலைசுற்றலோ, குமட்டலோ, தசைப்பிடிப்போ நேர்ந்து, நினைவும் தெளிவாக இருப்பின், தயங்காது நீர் தருக. விரதத்திற்குப் பிராயச்சித்தம் உண்டு. அதனை ஆசாரியரிடம் பின்னர்ப் பெறலாம். பேச்சுக் குழறினாலோ, மேனி கொதித்தாலோ மருத்துவமனைக்கு விரைக.

நாளிதழ்களில் வரும் கோடைக் குறிப்புகள் பல நமக்குப் பொருந்துவதில்லை. தேன் கலந்த எலுமிச்சை நீர் என்பர். தேன் நமக்கு விலக்கு. பழையசோற்று நீராகாரம் என்பர். இரவு கடந்த உணவும் நமக்கு விலக்கு. ஆகவே நம் அடுக்களையில் உள்ளவற்றைக் கூறுவோம். அன்றைய மோரில் நீர் மிகச் சேர்த்து, உப்பும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் இட்ட நீர்மோர். வெல்லமும் சுக்கும் ஏலமும் எலுமிச்சையும் கலந்த பானகம். காலையில் வடித்த கஞ்சி. இளநீர், நுங்கு, வெள்ளரி. வியர்வை மிகுந்து களைத்தவர்க்குக் காய்ச்சி ஆறிய நீர் 1 லிட்டரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகத் தருக. 1971 ஆம் ஆண்டு வங்கதேச ஏதிலியர் முகாமில் காலராவால் வற்றிய பல்லாயிரம் பேரை மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் காத்தது இத்தகைய உப்புச் சர்க்கரைக் கரைசலால்தான். ஏலாதி, சிறுபஞ்சமூலம் என நூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டிய நம் சமணச் சான்றோர் இதனைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பர்.

நீரை வடிகட்டுதலும் கோடையில் தளரலாகாது. இரட்டையாய் மடித்த தடித்த துணியில் வடித்த நீருக்கு 48 நிமிடமும், நன்கு கொதித்த நீருக்கு 24 மணி நேரமும் நம் ஆசார நெறி வரையறுத்துள்ளது. துணியில் தங்கிய உயிர்களை அவை வந்த கிணற்றிலேயே மெல்லச் சேர்த்தல் வேண்டும். ஆழ்குழாய் வந்தபின் அக்கிணறு எங்கே என்று இளையோர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. கிணறுள்ள வீட்டாரேனும் இதனை விடாதிருப்பாராக.

இப்பருவத்திலேதான் அட்சய திருதியையும் வருகின்றது. ஆதிபகவனாம் விருஷபதேவர் துறவு பூண்டபின் ஓராண்டிற்கும் மேலாக உணவின்றி நடந்தார். மக்கள் அவர்பால் பேரன்பு கொண்டவர்களே. பொன்னும் மணியும் யானையும் கொணர்ந்தனர். முனிவருக்கு வேண்டுவது யாதென அறிந்தாரில்லை. அத்தினாபுரத்துச் சிரேயாம்ச குமாரன் முற்பிறவி நினைவால் உணர்ந்து கருப்பஞ்சாற்றை அளித்தான். இக்காலத்து முதல் தானம் இவ்வாறு கோடையில் ஈந்த ஒரு பானமாகவே அமைந்தது. அன்று நகைக்கடை வாயிலில் காத்துநிற்கும் நம் மக்களைக் காணும்போது, பொன் கொணர்ந்தவர் கூட்டத்தில்தான் நாம் இன்னும் நிற்கின்றோமோ என்று தோன்றுகின்றது. அந்நாளில் ஜினாலய வாயிலில் ஒரு நீர்ப்பந்தல் அமைத்து, சாலைப் பணியாளர்க்கும் தலைச்சுமை வணிகர்க்கும் சாதி சமயம் வினவாது நீர்மோர் வழங்கலாம். பறவைகட்கு நிழலில் மண்தட்டில் நீர் வைப்போர், கொசுப்புழு பெருகாதபடி நாள்தோறும் அதனை மாற்றுக. பொன்னூர் மலைக்கு யாத்திரை செல்வோர் வெயில் ஏறுமுன் இறங்கிவிடுக. சுட்ட பாறையில் வெறுங்கால் நடை முதியோர்க்கு ஆகாது.

தமக்கையார் இப்பொழுது சதுர்த்தசிதோறும் ஒருவேளை உண்டு, பகல் முழுதும் நீர் பருகுகின்றார். முதல் முறை குவளையைக் கையிலெடுத்தபோது, "அறுபதாண்டு விரதம் உடைந்துவிட்டதே, தங்கச்சி" என்று அழுதார். நாம் விடை கூறாது, மேலே எழுதியவற்றை ஒரு தாளிற் குறித்து மறுநாள் படித்துக் காட்டினோம். முழுதும் கேட்டார். "உப்பைப் பற்றிச் சொன்னாயே, அதை மறுபடி படி" என்றார்.