இரண்டாம் முறை வருகிறவர்கள்

கூட்டம் வராத ஒரு தீம் பார்க்கைப் பற்றி யார் கூடிப் பேசினாலும், பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கிறது: அடுத்து என்ன கட்டலாம்? புதிதாக ஒரு ராட்சத ராட்டினம், பக்கத்து நிலத்தில் தண்ணீர்ப் பூங்கா, தங்கிப் போக ஒரு விடுதி. நடத்துகிறவர்கள் மட்டுமல்ல, அந்த இடத்தை நேசிக்கிறவர்களும் காலியாகக் கிடக்கும் மூலைகளில் மனத்தால் எதையெதையோ எழுப்பிப் பார்க்கிறார்கள். அந்தக் கற்பனையில் உண்மையான அன்பு இருக்கிறது. ஆனால் அதற்குள் சோதிக்கப்படாத ஓர் எண்ணமும் இருக்கிறது: இருப்பது போதாததால்தான் ஆள் வரவில்லை, இன்னும் சேர்த்தால் வருவார்கள் என்பது. இந்த எண்ணம் பெரும்பாலும் தவறு என்பதே என் வாதம். வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்து இடம் போதாமல் போகும்போதுதான் விரிவுக்கு வேளை வருகிறது; வராத கூட்டத்தை வரவழைக்கும் பரிகாரமாக அதைக் கையாண்டால் நோய் முற்றும். தாமிரபரணிக் கரையில் இன்று புதிய பார்வையிடங்கள் எழுந்துவரும் வேளையில், திருநெல்வேலிக்காரர்கள் இதைப் பொறுமையாக யோசிப்பது நல்லது.

இந்தியாவிலேயே இதற்குத் தெளிவான சான்று இருக்கிறது. மும்பை – புனே விரைவுச்சாலையை ஒட்டி, கோப்போலி அருகே 2013 ஏப்ரலில் இமேஜிகா திறக்கப்பட்டது. திரைத்துறையில் பெயர் பெற்ற மன்மோகன் ஷெட்டி உருவாக்கிய பூங்கா அது. இரண்டு பெருநகரங்களின் மக்கள் ஒரு பகல் பயணத்தில் வந்து திரும்பக்கூடிய தொலைவு. நம் நாட்டில் இதைவிடச் சாதகமான இடம் அமைவது அரிது. இருந்தும் நினைத்த அளவுக்குக் கூட்டம் சேரவில்லை. ஆனால் கட்டுமானம் நிற்கவில்லை. 2014இல் தண்ணீர்ப் பூங்கா, 2015இல் விடுதி, 2016இல் பனிப் பூங்கா. இவற்றில் சில முன்பே திட்டமிட்டவைதான் என்றாலும், முதல் பூங்காவின் வருகை தெரிந்த பிறகும் பாதை மாறவில்லை என்பது கவனிக்க வேண்டியது. வருமானத்தைக் கடன் தின்றது. 2022இல் வங்கிகள் தங்களுக்கு வர வேண்டியதில் கணிசமான பகுதியை விட்டுக்கொடுத்த பிறகே மல்பானி குழுமத்தின் கைக்கு நிறுவனம் மாறியது. அதன் பின் லாபம் வந்தது. கொரோனாவுக்குப் பிறகு மக்கள் வெளியே கிளம்பியதும் அதற்கு உதவியது. ஆனாலும் அடிப்படையில் மாறியது ஒன்றுதான்: அதே நிலம், அதே சவாரிகள், தலைமேல் இருந்த கடன் மட்டும் இறங்கியிருந்தது.

இது ஒரு நிறுவனத்தின் துரதிருஷ்டம் அல்ல, இந்தத் தொழிலின் கணக்கே அப்படி. ராட்டினத்தில் நாற்பது பேர் ஏறினாலும் நான்கு பேர் ஏறினாலும் மின்சாரமும் இயக்குபவரின் சம்பளமும் பாதுகாப்புச் சோதனையும் ஒன்றுதான். கோடை விடுமுறையிலும் பொங்கல், தீபாவளி நாட்களிலும் நிரம்பும் இடம், சாதாரண செவ்வாய்க்கிழமையில் வெறிச்சோடிக் கிடக்கும். விரிவாக்கம் இடத்தைக் கூட்டுகிறது; ஆனால் இடம் போதாமை இங்கே பிரச்சினையே இல்லை. வரிசையே இல்லாத இடத்தில் இரண்டாவது வாசல் திறந்து என்ன பயன்? தாமிரபரணிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இந்த ஆற்றில் இருக்கின்றன. கார் பருவமானாலும் பிசானப் பருவமானாலும், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராத கால்வாயை மேலும் நீட்டி, புதிதாக ஆயக்கட்டு சேர்க்கச் சொல்லும் விவசாயி இருக்க மாட்டார். முதலில் கால்வாயைத் தூர்வாரச் சொல்வார். மடை சரியாக இருக்கிறதா, தண்ணீர் நடுவழியில் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்வார். ஒரு பூங்காவுக்கும் அதே கேள்விகள்தான் முதலில் பொருந்தும்.

கூட்டம் என்றால் என்னவென்று தெரியாத ஊரல்ல திருநெல்வேலி. ஆனிப் பெருந்திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நான்கு ரத வீதிகளையும் சுற்றி வருகிறது. அதே தேர், அதே வீதி. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் படித்துறை கொள்ளாத மக்கள். ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்துக்கு வண்டிகள் வரிசைகட்டுகின்றன. அங்கிருந்து ஓடும் சிற்றாறும் கடைசியில் தாமிரபரணியில்தான் கலக்கிறது. இந்த இடங்களில் ஆண்டுதோறும் புதிதாக எதையும் கட்டி மக்களை இழுப்பதில்லை. இன்னொன்றையும் பார்க்கலாம்: நம் பகுதியில் ராட்டினம் நடத்தும் தொழிலாளர்கள் நிரந்தரப் பூங்கா கட்டிக்கொண்டு காத்திருப்பதில்லை. நெல்லையில் பொருட்காட்சி, சங்கரன்கோவிலில் ஆடித்தபசு, தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் திருவிழா, குலசேகரன்பட்டினத்தில் தசரா என்று கூட்டம் இருக்கும் இடத்துக்கு ராட்டினம் போகிறது. கூட்டம் கலைந்ததும் கழற்றி ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புகிறது. மக்கள் சேர்வதற்கு வேறொரு காரணம் முதலில் வேண்டும், கேளிக்கை அதற்குப் பின்னால் வருவது என்ற அனுபவ அறிவு அந்தத் தொழிலில் இருக்கிறது.

அப்படியானால் ஒருவரை ஓர் இடத்துக்கு மறுமுறை வரச்செய்வது எது? இந்தப் பள்ளத்தாக்கின் சான்றுகளிலிருந்து மூன்றைப் பிரித்தெடுக்கலாம் என்று நினைக்கிறேன். முதலாவது, அந்த இடம் தானாகவே மாறிக்கொண்டிருப்பது. குற்றாலம் ஒவ்வொரு நாளும் வேறாக இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் ஏமாற்றம், மிஞ்சினால் குளிக்கத் தடை. அந்த நிச்சயமின்மையே அடுத்த பயணத்துக்கு விதை. இரண்டாவது, வந்தவருக்கு அங்கே ஒரு வேலை இருப்பது. தேரோட்டத்துக்கு வருகிறவர் வடத்தில் கை வைக்கிறார். தேர் நகர்ந்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறார். மூன்றாவது, தலைமுறைத் தொடர்ச்சி. தன்னைத் தோளில் தூக்கிவந்த தகப்பனாரை நினைத்துக்கொண்டே ஒருவர் தன் பிள்ளையை அழைத்து வருகிறார். இந்த மூன்றில் எதுவும் ஏக்கர் கணக்கில் கூடுவதில்லை. காசு கொடுத்து ஒரே நாளில் இறக்குமதி செய்யவும் முடியாது. பராமரிப்பாலும் காலத்தாலும் மெதுவாக விளைபவை இவை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. விரிவாக்கத்தால் மீண்ட பூங்காக்களும் இருக்கின்றன. டிஸ்னிலாந்துக்கு எதிரிலேயே 2001 பிப்ரவரியில் திறக்கப்பட்ட டிஸ்னி கலிபோர்னியா அட்வென்ச்சர், தொடக்கத்தில் எதிர்பார்த்த கூட்டத்தைப் பெறவில்லை. 2007இல் 110 கோடி டாலர் செலவில் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டு, 2012 ஜூனில் நிறைவுற்றது. அதில் 12 ஏக்கரில் எழுந்த கார்ஸ் லேண்டும் அடக்கம். வருகையாளர் எண்ணிக்கை நன்றாகவே உயர்ந்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2002இலும் 2004இலும் அங்கே புதிய பகுதியும் பெரிய சவாரியும் சேர்க்கப்பட்டன. அவை அந்தப் பூங்காவின் அடிப்படைக் குறையைத் தீர்க்கவில்லை. பின்னர் நுழைவாயில் தெருவையே மாற்றி, இது என்ன இடம், எந்தக் கதையைச் சொல்கிறது என்பதைத் திருத்தி எழுதிய பிறகுதான் பூங்காவின் நிலை மாறியது. தவிர, பல ஆண்டு நஷ்டத்தைத் தாங்கி மறுபடி முதலிட அதற்கொரு பெரிய தாய் நிறுவனம் இருந்தது. வெற்றி பெற்ற விரிவுகூட தன் இயல்பைத் திருத்திக்கொண்ட பிறகு வந்தது என்றே அந்த உதாரணத்தை நான் வாசிக்கிறேன்.

அருவியும் கோயிலும் இயற்கையும் பக்தியும் தந்தவை, சீட்டு வாங்கி நுழையும் இடத்தை அவற்றோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டப்பட்ட ஓர் இடத்துக்குப் புனிதம் வராது, அதன் சவாரிகள் பழசாகும், அவ்வப்போது புதுப்பிக்கத்தான் வேண்டும். புதுப்பிப்பதை நான் மறுக்கவில்லை. புதுப்பித்தல் வேறு, பெருக்குதல் வேறு. வண்ணம் உரிந்த சுவர், தண்ணீர் வராத கழிப்பறை, நிழலில்லாத நடைபாதை, பாதி நாள் நிறுத்திவைக்கப்படும் சவாரி ஆகியவற்றைச் சரிசெய்யும் பணத்தில் திறப்பு விழா நடத்த முடியாது. கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாது. அதனால்தான் அந்தச் செலவு தள்ளிப்போகிறது. வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்து, குடிதண்ணீருக்கும் காசு கொடுத்துத் திரும்பிய குடும்பத்துக்கு அடுத்த ஆண்டு ஒரு புதிய ராட்டினம் வருகிறது என்ற செய்தி எந்த ஆறுதலையும் தராது.

வேலைவாய்ப்பைச் சொல்லும் மறுப்பு இன்னும் கனமானது. நெல்லைச் சீமையின் பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் வளைகுடாவுக்கும் போய்க்கொண்டிருக்கையில், ஊரில் ஒரு முதலீட்டுக்குத் தடை சொல்வது யாருக்கு நன்மை? கட்டுமானம் முடியும்வரை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் நிலைத்த வேலையைத் தருவது வருகையாளர்தான். கட்டடம் அதைத் தர முடியாது. கடனால் தள்ளாடும் பூங்கா முதலில் குறைப்பது ஆட்களைத்தான், அடுத்துப் பராமரிப்பை. பராமரிப்பு குறைந்தால் கூட்டம் மேலும் குறையும். வேலை தர வேண்டும் என்ற அதே அக்கறை, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகவும் பராமரிப்பு வல்லுநர்களாகவும் பயிற்றுவித்து ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்வதில் வெளிப்பட்டால், அது சிமெண்டில் போட்ட பணத்தைவிட நீண்ட நாள் நிற்கும்.

நம் பள்ளத்தாக்கில் இது வெறும் கொள்கை விவாதம் அல்ல. ரெட்டியார்பட்டியில் 13 ஏக்கரில் பொருநை அருங்காட்சியகம் 2025 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஆதிச்சநல்லூரில், தாழிகளை அவை புதைந்த குழியிலேயே கண்ணாடித் தளத்தின் மேலிருந்து காணும் களக்காட்சி 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் 1987 முதல் இயங்குகிறது. இவை தீம் பார்க்குகள் அல்ல. ஆனால் ஊரார் எல்லோரும் ஒருமுறை பார்த்து முடித்த பிறகு எழும் கேள்வி இவற்றுக்கும் அதேதான். அப்போது கூட்டம் குறைந்தால், இன்னொரு கூடம், இன்னொரு திரையரங்கு என்ற யோசனை எழும். அதற்கு முன் இவற்றிடமே இருக்கும் வளத்தைப் பார்க்க வேண்டும். 1876இல் ஜாகோர், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ, 2004இல் சத்தியமூர்த்தி என்று ஆதிச்சநல்லூர் பலமுறை தோண்டப்பட்டது. இதே பள்ளத்தாக்கின் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாக 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அறிவு இங்கே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அகழாய்வு நடக்கும் பருவத்தில் குழியோரம் நின்று பார்க்கவும், பானை ஓடுகளைக் கழுவிப் பிரிக்கும் வேலையில் மாணவர்கள் மேற்பார்வையோடு கைகொடுக்கவும் வழி செய்தால், ஒவ்வோர் ஆண்டும் வருவதற்குக் காரணம் பிறக்கும். தன் கையால் கழுவிய ஓடு காட்சிக்கு வந்திருக்கிறதா என்று தேடிவரும் பிள்ளை, வீட்டாரையும் இழுத்து வருவாள்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், பூங்காக்களோடு முடிகிற பழக்கம் அல்ல இது. ஆள் வராதபோது பெரிதாக்குவது நம் வாழ்விலும் வேரோடியிருக்கிறது. உறவுகள் வந்துபோவது குறைந்த வீட்டுக்கு மாடி எடுக்கிறோம். வாசகர் குறைந்த நூலகத்துக்குப் புதுக் கட்டடம் கேட்கிறோம். பேச்சு வற்றிய நட்பைப் பெரிய விருந்தால் ஈடுகட்டப் பார்க்கிறோம். யாரும் வராததற்கான காரணத்தைக் கேட்பது வலிக்கிறது. கட்டுவது அந்த வலியைத் தள்ளிப்போடுகிறது. வந்த சிலரிடம் போய், எதற்காக வந்தீர்கள், ஏன் மறுபடி வரவில்லை என்று கேட்பதற்குத் துணிவு வேண்டும். அதைவிடக் கடினமான பதிலுக்கும் தயாராக இருக்க வேண்டும்: சில இடங்களுக்குச் சிறிய கூட்டமே சரியான கூட்டமாக இருக்கலாம். அப்போது மூடிக் கிடக்கும் சவாரிகளை அகற்றி, மரம் வளர்த்து, செலவைக் குறைத்து, வருகிற நூறு பேரை நன்றாகக் கவனித்துக்கொள்வது தோல்வியாகாது. பொறுப்பான நிர்வாகம் அதுதான்.

ஆகவே விரிவாக்கத் திட்டம் ஒன்று மேசைக்கு வரும்போது, எத்தனை ஏக்கர், எத்தனை கோடி என்பவற்றுக்கு முன்னால் ஓர் எண்ணைக் கேட்க வேண்டும்: சென்ற ஆண்டு வந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் வந்தார்கள்? பொதுப்பணத்தில் நடக்கும் இடங்கள் மொத்த வருகையோடு இதையும் ஆண்டுதோறும் எண்ணி வெளியிட வேண்டும். அந்த எண் உயர்ந்துகொண்டிருந்தால் தயங்காமல் கட்டலாம். அப்போது கட்டடமே மக்களின் கோரிக்கையாக இருக்கும். உயரவில்லை என்றால், கட்டுவதற்கு வைத்திருக்கும் பணத்தை இருப்பதைச் செம்மையாக்கச் செலவிட வேண்டும்.