மகப்பேறும் மருத்துவமும்



மகப்பேறு வாயாத தம்பதிகள் மருத்துவசாலையை அடைந்து, கருவை உடம்பின் புறத்தே கூட்டுவித்துப் பிள்ளை பெறுதல் சைவநெறிக்கு இயையுமோ என வினவுவார் பலர். உயிரைப் படைத்தல் இறைவன் தொழிலாகலின், வைத்தியன் அதனைக் கைக்கொள்ளலாகாது என்பது அவர் கருத்து. சித்தாந்தம் கற்றார்க்கு இவ்வினாவின் அடியிலேயே வழுவுளது. உயிர் ஒருவராற் படைக்கப்பட்டதன்று. பதியைப் போலப் பசுவும் அநாதி. இறைவனும் உயிரைப் படைப்பதில்லை. வினைக்கீடாக மாயையினின்றும் தநு கரண புவன போகங்களைக் கூட்டுகின்றான். அங்ஙனமாக, வைத்தியன் படைத்தான் என்றல் யாண்டையது?

அவன் செய்வது யாதெனின், மருந்தினாற் சினைமுட்டைகள் பலவற்றை முதிர்வித்து, ஊசியால் எடுத்து, கணவன் விந்தோடு கண்ணாடித் தட்டிற் சேர்த்து, மூன்று முதல் ஐந்து நாள் வளர்ந்த கருவைக் கருப்பையில் இடுதலேயாம். அது பற்றுவதும் பற்றாததும் அவன் வசத்தன அல்ல. பற்றாது போதலும் மிகுதி. நாற்று நட்டவன் நெல்லைப் படைத்தான் என்பார் உளரோ?

இம்முறையால் முதற்குழந்தை 1978 ஆம் ஆண்டு யூலை 25 இல் இங்கிலாந்திலே ஓல்டாம் நகரிற் பிறந்தது. அதற்கு உழைத்தவர் எட்வேட்ஸ், ஸ்ரெப்ரோ, பேடி என்னும் மூவர். எட்வேட்சுக்கு 2010 இல் நோபெல் பரிசு கிடைத்தபோது ஏனை இருவரும் உயிரோடில்லை. 1978 ஆம் ஆண்டே ஒற்றோபர் 3 இற் கல்கத்தாவிலே சுபாஷ் முகர்ஜி என்னும் வைத்தியர் முயற்சியால் ஒரு பெண்மகவு பிறந்தது. அரசினர் அமைத்த குழு அவரை நம்பாது இகழ்ந்தது. 1981 இல் அவர் மனமுடைந்து உயிர்நீத்தார். பின்னரே உலகம் அவரை மதித்தது.

வழிபாடு போதாதோ எனின், வழிபாடு மருந்தை விலக்குவதன்று. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகவின்றி வருந்தியபோது, அவர்தம் குரு திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்தார். திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. களப்பாளர் மனைவியாரோடு அங்கே முக்குளநீராடி வழிபட்டு மெய்கண்டாரைப் பெற்றார். விதியென்று வாளாவிருந்தாரல்லர். சுரத்துக்குத் திருநீறும் அணிகின்றோம், மருந்தும் உண்கின்றோம்.

ஓரிடத்து மாத்திரம் யாம் தயங்குகின்றோம். கருக்கள் பல உண்டாயின் எஞ்சியவை யாதாம்? கொல்லாமையைப் போற்றுவார், வேண்டிய அளவே ஆக்குமாறு வைத்தியரை முன்னரே கேட்டுக்கொள்ளுதல் நன்று.

இனி, எம்மை மிக வருத்துவது வேறொன்று. குறை கணவனிடத்தும் உண்டு. ஒரே விந்தணுவை முட்டையினுட் செலுத்தும் முறை 1992 இல் வெளிப்பட்டது அதன்பொருட்டே. அவனைச் சோதியாமலே மலடி என்னுஞ் சொல்லை மனைவிமேற் சுமத்தி, மங்கல காரியங்களில் ஆலாத்தி எடுக்கவும் அழையாது விடுகின்றனர். திருநீறு பூசிய நெற்றியர் செய்யும் செயலோ இது! இம்முறையாற் பிறந்த பிள்ளைகளும் இன்று நம் வகுப்புக்களில் இருப்பர். 'குழாய்ப்பிள்ளை' என்று ஒரு மாணாக்கன் நகைப்பானாயின், ஆசிரியர் கேளாதார் போலப் பாடத்தைத் தொடரற்க. குழாயில் எப்பிள்ளையும் வளர்வதில்லை, தாய்வயிற்றிலேயே வளர்கின்றது என்பதை அப்பொழுதே கரும்பலகையில் வரைந்து விளக்குக; ஏனைப் பாடம் நாளை நடத்தலாம்.