பானை யாருக்கு?

பானைக்குக் குயவன் உண்டு. உலகுக்கும் அப்படி ஒருவன் உண்டு என்று வாதிடும் சைவ சித்தாந்தம். மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மெய்கண்டாரின் சிவஞானபோதம் முதல் சூத்திரத்திலேயே உலகைக் கொண்டு கர்த்தாவை நிறுவுகிறது. அதை விளக்க வந்தவர்கள் பானையை விடவேயில்லை. ஆனால் இந்த உவமையைக் குயவனோடு நிறுத்திக்கொள்வது அதற்குச் செய்யும் அநீதி. வளைகுடாவில் கிடைத்த பானை ஓடுகள் அதற்கு அப்பாலும் பேசுகின்றன.

ஐக்கிய அரபு அமீரகத்து ராஸ் அல் கைமாவின் வாதி ஹகீலில் பல நூற்றாண்டுகள் சூளைகள் எரிந்தன. வேகச் சக்கரமின்றிக் கையால் வனைந்த, ஜுல்ஃபார் எனப்படும் பானைகள் வளைகுடாவெங்கும் போயின. ஓட்டில் கலந்திருக்கும் கல்துகள் எந்த ஊர் மண் என்று காட்டும். உட்புறத்து விரல்தடம் வனைந்த முறையைச் சொல்லும். இவை மூன்று காரணங்களுக்குள் அடங்கிவிடும். அடியில் படிந்த கரியும் தேய்ந்த விளிம்பும் அப்படி அடங்குவதில்லை. அவை சமைத்தவர்களின் சாட்சியம். ஓமானின் தோஃபார் கரையில், சாம்பிராணி ஏற்றுமதியான கோர் ரோரி துறைமுகத்தில், 2006இல் இத்தாலிய அகழாய்வுக் குழு எடுத்த ஓட்டில் தமிழி எழுத்தில் ‘ணந்தை கீரன்’ என்று கீறியிருந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உடைந்த பானையின் துண்டு மூடியாக மறுபடி பயன்பட்டிருக்கிறது. இப்படிக் கீறிய பெயர்களைப் பெரும்பாலும் உடைமையாளர் பெயராகவே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். வனைந்தவர் பெயர் நமக்கு எட்டவில்லை; கடல் கடந்து பானைக்கு உரிமை சொன்னவர் பெயர் நிற்கிறது.

குயவர் வனைவதைக் கண்டிருப்பதால்தான் ஓட்டிலிருந்து குயவரை ஊகிக்கிறோம், உலகம் ஆக்கப்படுவதை யார் கண்டார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புகையையும் நெருப்பையும் சேர்த்துக் கண்டவனுக்கே புகை நெருப்பை உணர்த்தும் என்பது நம் அளவை நூல்களின் விதியும்கூட. ஆகவே கர்த்தாவை நிறுவும் சான்றாகப் பானை வலுவற்றது என்றே நினைக்கிறேன். ஆனால் சித்தாந்தம் அங்கே முடிவதில்லை: உயிர்கள் அனுபவித்துப் பக்குவப்படவே உடலும் உலகும் என்கிறது. ஆக்கிய பக்கத்தை நாம் காணவில்லை. அனுபவிக்கும் பக்கத்திலோ நாமே இருக்கிறோம். சோதிக்கத்தக்க பகுதி அதுதான். குயவர் மூடியை நினைத்தா வனைந்தார், பயன்பாடு எப்படி ஆக்கியவரின் நோக்கத்தைக் காட்டும் என்றும் மறுக்கலாம். காட்டாதுதான். அது பயன்படுத்தியவரின் விருப்பத்தைக் காட்டுகிறது. உயிருக்குத் தனி இச்சையும் செயலும் உண்டு, அது இறைவனின் கைக்கருவி மட்டுமல்ல என்று சித்தாந்தம் வற்புறுத்துவதும் அதையே.