மகிழ்ச்சி கூலியாகுமா?



கூத்தாடுகிறவனைப் பற்றியும், படம் எழுதுகிறவனைப் பற்றியும், மேளம் கொட்டுகிறவனைப் பற்றியும் பேச்சு வரும்போது, "அவனுக்கென்ன, ஆசைக்குச் செய்கிறான், நாலு பேர் பார்த்துக் கை தட்டினால் அதுவே அவனுக்குப் போதும்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. சொல்லுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். உழவாளுக்கும் கொத்தனுக்கும் கூலி பாக்கி வைக்க அஞ்சுகிற நல்ல குடும்பத்தார்தாம். ஆயினும் அந்தப் பேச்சுக்குள்ளே ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. ஒருவன் தன் வேலையில் மகிழ்ச்சி காண்கிறான் என்பதனால், அவனுக்குச் சேரவேண்டிய கூலியை நாம் குறைத்துக்கொள்ளலாமா? இதை இந்த வாரம் சற்று நிதானமாய் ஆராய்வோம்.

மகிழ்ச்சி வேறு, கூலி வேறு. மகிழ்ச்சி வேலையிலிருந்தே வேலைசெய்கிறவனுக்குப் பிறக்கிறது. கூலியோ நம் கையிலிருந்து அவன் கைக்குப் போகவேண்டியது. நல்ல கொத்தன் தான் எழுப்பிய சுவர் நூல் பிடித்தாற்போல் நிற்பதைக் கண்டு மகிழ்கிறான். அதற்காக அவன் கூலியில் பத்து ரூபாய் பிடித்துக்கொள்வார் உண்டோ? நம் பர்கூர் ஜவுளிக்கடைக்காரர் தம் வியாபாரத்தை விரும்பிச் செய்கிறார்; ஆகையால் சேலையை இனாமாய்க் கொடும் என்று அவரிடம் எவரும் கேட்பதில்லை. நாம் கொடுக்காத மகிழ்ச்சியை, நாம் கொடுத்த கூலியாகக் கணக்கில் எழுதிக்கொள்வது எப்படி நியாயமாகும்?

"அவனே அந்தத் தொகைக்குச் சம்மதித்தானே" என்று சிலர் சொல்லக்கூடும். 13-ஆம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ஆம் ஆண்டில் தொழிலாளர் நிலையைக் குறித்து எழுதிய நிருபத்தில் இதற்கு விடை இருக்கிறது. வேறு வழியின்றி, இதைவிட மோசமான கதி வருமோ என்று அஞ்சி ஒருவன் குறைந்த கூலிக்கு இணங்கினால், அவன் இணங்கியதால் மட்டும் அந்தக் கூலி நியாயமாகிவிடாது என்பதே அவருடைய போதனை. ஆலைத் தொழிலாளிக்குப் பொருந்துகிற நீதி ஆர்மோனியக்காரனுக்குப் பொருந்தாதா?

இன்னும் முன்னே போவோம். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வேதசாஸ்திரியாகிய அர்ச்சியசிஷ்ட தோமாஸ் அக்குயினாஸ் நாடகக்காரரைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார். மனிதருக்கு இளைப்பாறுதல் தேவை. ஆகையால் ஒழுங்கோடும் அளவோடும் செய்யப்படும் அத்தொழில் தன்னிலே குற்றமானதன்று என்று தீர்க்கிறார். அவர்களை அளவாய் ஆதரிக்கிறவர்கள் அவர்கள் செய்த சேவைக்குரிய கூலியைக் கொடுப்பதால் நியாயமானதையே செய்கிறார்கள் என்கிறார். அவர் தர்மம் என்று சொல்லவில்லை, நியாயம் என்கிறார். தர்மமானால் நம் மனம்போல் கொடுக்கலாம். நியாயமானால் கடனாகக் கொடுத்தே தீரவேண்டும்.

இனி நம் கண்முன் நடப்பதைப் பாருங்கள். நம் மாவட்டத்துக் கிராமங்களில் பாரதம் நடக்கும்போது, கூத்துக்காரன் மரக்கட்டையாற் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் பூட்டிக்கொண்டு, இரவு தொடங்கி விடியும்வரை ஆடுகிறான், பாடுகிறான், வசனம் பேசுகிறான். எத்தனையோ கூத்துகளின் பாட்டும் வசனமும் அவனுக்கு மனப்பாடம். அதைக் கற்க அவனுக்கு ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளுக்குக் கூலி கொடுத்தவர் எவருமில்லை. திருவிழாக்காலம் முடிந்து மழை பிடித்தால் ஆட்டம் இல்லை; வயிறோ பன்னிரண்டு மாதமும் இருக்கிறது. ஆகையால் ஓர் இரவுக்கு நாம் பேசும் தொகையில், அவன் பயின்ற காலமும், ஆட்டமில்லாத மாதங்களும் அடங்கியிருக்கவேண்டும். அடங்காவிட்டால், ஓசூர் ஆலையில் மாதம் பிறந்தால் சம்பளம் வரும்போது, தகப்பன் கட்டிய சலங்கையை மகன் ஏன் கட்டுவான்? அவன் கட்டாமற் போவது அவன் குற்றமன்று. விதை நெல்லையும் உலையிலிட்டுவிட்டு, அடுத்த போகம் விளையவில்லையே என்று நாம் வருந்துவதில் பயனில்லை.

கலைஞர் தாமே செய்யக்கூடியது ஒன்றுமில்லையா என்று நீங்கள் வினவலாம். உண்டு, அதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. கோயம்புத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர் என்பவர் குடும்ப பாரத்தினால் சில ஆண்டுகள் தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு, 1936-ல், 25-ஆம் வயதில், சென்னை ஓவியப் பள்ளியிற் சேர்ந்தார். 1850-ல் அலெக்சாந்தர் ஹண்டர் என்ற வைத்தியர் தொடங்கிய பள்ளி அது. பின்னர் 1957-ல் பணிக்கர் அதற்கே தலைவரானார். ஆண்டுதோறும் தேறி வெளியே போகும் மாணாக்கர், படம் வாங்குவாரின்றி, பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைப்பதை அவர் கண்டார்.

அதற்கு அவர் கண்ட வழி, எல்லாரும் சேர்ந்து கைத்தொழில் செய்வது. கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். துணியில் மெழுகால் சித்திரம் எழுதிச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பாதிக் என்னும் இந்தத் துணிகளையும் வேறு கைப்பொருள்களையும் செய்து விற்றார்கள். அந்தச் சம்பாத்தியத்தைச் சேர்த்துச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாய் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கே உண்டாயிற்று. வீடு கட்டிக்கொண்டார்கள், கைத்தொழில் சோற்றுக்கு, மிச்ச நேரம் சொந்தப் படத்துக்கும் சிற்பத்துக்கும் என்று வகுத்துக்கொண்டார்கள். பணிக்கர் 1977-ல் காலமானார். கிராமம் இன்றும் இருக்கிறது.

கைத்தொழில் செய்தால் கலை கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுவர். அங்கே நடந்தது வேறு. சாயத் துணி அவர்களுக்கு நேரத்தை வாங்கிக்கொடுத்தது. நாளைக்கு அரிசி உண்டு என்று தெரிந்தவன்தான், இன்று எவர் தயவுக்காகவும் அல்லாமல் தன் மனம் கண்டதை எழுதமுடியும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அவர்களுடைய ஒற்றுமை எவ்வளவு பெரிதானாலும், அந்தத் துணியைக் காசு கொடுத்து வாங்கினவர்கள் இராவிட்டால் அந்த நிலம் கிடைத்திராது. கலைஞன் உழைக்கவேண்டியது அவன் பங்கு. விலை கொடுக்கவேண்டியது நம் பங்கு.

அப்படியானால் நாம் செய்யவேண்டியது யாது? முதலாவது, மேளக்காரரையோ பாட்டுக்காரரையோ ஓவியரையோ அழைக்கும்போது தொகையை முன்னதாகவே பேசி, அச்சாரம் கொடுத்து, வேலை முடிந்த அன்றே மீதியைத் தீர்த்துவிடவேண்டும். திருவிழா முடிந்த மறுநாள் அவர்களைத் திண்ணையில் காக்கவைப்பது அழகன்று.

இரண்டாவது, கோவில் காரியம் என்று சொல்லி இனாம் கேட்கலாகாது. குடில் சோடிக்கிறவனும், சுரூபத்துக்கு வர்ணம் தீட்டுகிறவனும் தானாக முன்வந்து காணிக்கையாய்ச் செய்தால் அது அவனுக்குப் புண்ணியம். நாம் வாய்விட்டுக் கேட்டுவிட்டால், மறுக்கக் கூசி ஒப்புக்கொள்வான். அப்பொழுது அது காணிக்கையன்று, அவன் பிள்ளைகளின் சோற்றிலிருந்து நாம் எடுத்தது. இது முதலில் எனக்கும் கோவில் நிர்வாகிகளுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, இரவு முழுதும் ஆடுகிறவனைக் கைபேசியில் படம் பிடித்து ஊருலகுக்கெல்லாம் அனுப்புமுன், அவனை ஒரு வார்த்தை கேளுங்கள். அவன் விற்கக்கூடிய பொருள் அந்த ஆட்டம் ஒன்றே.

நான்காவது, நம்மிடையே உள்ள கலைஞர்களுக்கு ஒரு சொல். ஒருவர் தொகையை மற்றவர் அறுத்துப் பேசாதீர்கள். கூடிப் பேசி ஒரு தொகைக்குக் கீழே இறங்குவதில்லை என்று தீர்மானியுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று அரசு 2007-ல் நல வாரியம் ஏற்படுத்தியிருக்கிறது. அதில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பிளக்ஸ் அச்சு வந்து பெயர்ப்பலகை எழுதுவோரின் பிழைப்பைப் பறித்ததைக் கண்டோம். ஆகையால் ஒரே வேலையை நம்பியிராமல், பக்கத்தில் ஒரு கைத்தொழிலும் வைத்துக்கொள்வது விவேகம்.

கடைசியாக, பெற்றோரே, உங்கள் வீட்டில் சுவரெல்லாம் கரியால் படம் எழுதும் பையனோ, பாத்திரத்தைத் தட்டித் தாளம் போடும் பெண்ணோ இருக்கலாம். "இது சோறு போடுமா?" என்று நீங்கள் கேட்பது நியாயமே, தாய் தகப்பன் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆனால் அந்தக் கேள்வியை அதட்டலாய்க் கேட்டு முடித்துவிடாமல், பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். ஒரு தொழிலும் கற்கட்டும்; வரவு செலவு எழுதவும் பழகட்டும்; தூரிகையும் தாளமும் கையிலேயே இருக்கட்டும். நாளைக்கு அந்தப் பிள்ளையை எவரேனும் ஆடவோ எழுதவோ அழைத்தால், என்ன கொடுக்கவேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்களோ, அதையே இந்த ஆண்டுத் திருவிழாவில் பிறர் பிள்ளைக்குக் கொடுங்கள்.