கயிற்றின் மறுமுனை

முத்துக் குளிப்பவன் கடலில் இறங்கும்போது, தோணியில் கயிற்றைப் பிடித்து நிற்பவன் அவனுடைய மைத்துனனாக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழய்யா யாராவது சொல்லி நீங்களும் கேட்டிருக்கலாம். அண்ணன் தம்பி என்றால் பங்காளி, சொத்துக் கணக்கு பாக்கி இருக்கும். மைத்துனன் கயிற்றை விட்டால் அவன் கூடப்பிறந்தவளின் தாலி போய்விடும். எல்லா ஊரிலும் இப்படித்தான் நடந்ததா என்பது வேறு விஷயம். அந்தக் கதைக்குள் இருக்கும் கணக்கு எனக்குப் பிடிக்கும். கயிறு பிடிப்பவன் நல்லவனா என்று அதில் யாரும் கேட்கவில்லை. விட்டால் அவனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறார்கள்.

அதே முத்துக்குளிப்பில் இன்னொரு ஆளும் உண்டு. கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குப் போனதாக எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட ஆங்கிலேயர்களும் கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தார்கள். அவர் வந்து நிற்காவிட்டால் குளியாட்கள் இறங்கமாட்டார்கள், அதனால். சுறா அவரைக் கடிக்கப்போவதில்லை.

ஸ்கூபா கற்றுத்தர ஒரு ஆசிரியரைத் தேடிய மூன்று மாதமும் இந்த இரண்டு பேரும்தான் என் தலைக்குள் இருந்தார்கள்.

அதற்குக் காரணம் என் வேலையாக இருக்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆவது பிரிவு எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஒருவர் இறங்க அது இரண்டு வழி தந்தது. ஒன்று, தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்துப் பார்த்து எழுத்தில் சான்றிதழ் தர வேண்டும். இல்லையென்றால், இறங்குபவர் சுவாசக் கருவி மாட்டி, பெல்ட்டில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கடல்கட்டி அல்லது மைத்துனன்! எங்கள் ஆலையில் அந்த மறுமுனையைப் பிடிப்பவர் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி. உள்ளே இருப்பவருடைய பெயர்கூட அவருக்குத் தெரியாது. அவரை அந்தக் கயிற்றோடு கட்டியிருப்பது எது என்று மேன்ஹோல் பக்கத்தில் நின்று பலதடவை யோசித்திருக்கிறேன்.

சரி, ஸ்கூபாவுக்கு வருவோம். தெரியாத ஒருவன், தெரிந்த ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? அவருக்குத் தெரியுமா என்று பார்க்க எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் அவர் எதற்கு? பிளேட்டோவின் 'புரோட்டகோரஸ்' உரையாடலில் ஒரு இளைஞன் விடிவதற்கு முன்னால் சாக்ரடீஸின் கதவைத் தட்டுகிறான். ஊருக்குப் பெரிய ஆசிரியர் வந்திருக்கிறார், உடனே போய்ச் சேர வேண்டும் என்கிறான். சாக்ரடீஸ் அவனுக்குச் சந்தை உதாரணம் சொல்கிறார். கடையில் வாங்கிய சாப்பாட்டைப் பாத்திரத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய், விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடலாம். படிப்பை அப்படிக் கொண்டுபோக முடியாது. வாங்கும்போதே அது உள்ளே போய்விடும். தண்ணீருக்கடியில் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு இருப்பவனுக்கு இது உவமையே இல்லை. நன்னூலும் நல்லாசிரியரை நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று அழகாகச் சொல்கிறது. அந்தத் துலாக்கோல் சரியாக நிறுக்கிறதா என்று புதுப் பையன் எப்படிப் பார்ப்பான்?

அட்டை இருக்கிறதே என்பீர்கள். 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய பாடி முதலான அமைப்புகள் ஆசிரியர்களுக்குச் சான்றிதழ் தருகின்றன. விதிகளும் உண்டு. முதல் நிலை மாணவருக்கு 18 மீட்டர்தான் எல்லை. கடலில் உதவியாளர் இல்லாத ஆசிரியருக்கு அதிகபட்சம் எட்டு மாணவர். நானும் நண்பனும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் புதுச்சேரிக்கும் அலைந்து கடைசியாக வந்து நின்ற இரண்டு ஆசிரியர்களிடமும் அட்டை இருந்தது.

வித்தியாசம் கரையிலேயே, ஒரு ஃபார்மில் வந்தது. டைவிங்குக்கு முன்னால் உடல்நிலை பற்றிய கேள்வித்தாள் ஒன்று தருவார்கள். நண்பனுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங். இப்போதும் மார்கழியில் இன்ஹேலர் இல்லாமல் ஆகாது. முதல் ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் போடுங்க தம்பி, இல்லன்னா டாக்டர் லெட்டர் அது இதுன்னு இழுக்கும். நூத்துக்கணக்கான பேரை இறக்கியிருக்கேன், ஒன்னும் ஆகாது" என்றார். இரண்டாமவர் சிரிக்கவே இல்லை. "டாக்டர் கையெழுத்தோட வாங்க" என்று ஃபார்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சிலிண்டர் கழுவப் போய்விட்டார்.

இதற்குப் பின்னால் எளிய இயற்பியல் இருக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வெளியே விட்டுக்கொண்டே வர வேண்டும். சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் காற்று மாட்டிக்கொண்டால் நுரையீரல் கிழியலாம். ஆஸ்துமா என்றாலே கூடாது என்பதில்லை. பரிசோதனை செய்து மருத்துவர் சரி என்றால் இறங்கலாம். அவ்வளவுதான் அந்தக் கையெழுத்து.

முதல் ஆசிரியர் பொய்யர் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவர் உண்மையாகவே நம்புகிறார். ஆலையிலும் இதே ஆள் உண்டு. வாயு சோதனை செய்யாமல் ஒரு தடவை தொட்டிக்குள் இறங்குவார், ஒன்றும் ஆகாது. பத்தாவது தடவையும் ஆகாது. ஒவ்வொரு தடவையும் அவருக்குச் சோதனை தேவையில்லை என்பதற்கு ஒரு சாட்சி சேர்கிறது. பெர்மிட் கேட்கும் என்னைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வருவது நியாயம்தான்.

இரண்டாமவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கடிதம் கேட்டார் என்றான் நண்பன். இருக்கலாம். மைத்துனனும் தங்கைக்காகத்தான் பிடித்தான். ஒருவருடைய திறமையை நிறுக்க என்னிடம் தராசு இல்லை. அவர் எதை இழக்கத் தயாராக இருக்கிறார் என்பதைப் பார்க்க ஸ்கூபா தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் இருவர் கட்டணத்தில் பாதியை அவர் அந்த நிமிடமே விட்டுவிட்டார். நான் அவரிடம் சேர்ந்தேன். நீச்சல்குளத்தில் முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்தது கட்டைவிரலை உயர்த்துவது. தண்ணீருக்கடியில் அதற்கு 'சூப்பர்' என்று அர்த்தம் இல்லை, 'மேலே போகிறேன்' என்று அர்த்தம். "யாரு காட்டினாலும் எல்லாரும் மேல வந்துடணும். ஏன்னு யாரும் யாரையும் கேட்கக்கூடாது, நான் உட்பட" என்றார்.

நண்பன் முதலாமவரிடம் போனான். "என் நுரையீரல் மச்சான், உனக்கென்ன?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. தன் உயிரை வைத்து விளையாட ஒருவனுக்கு உரிமை உண்டு என்பதை என்னால் முழுதாக மறுக்க முடியாது. ஆனால் ஸ்கூபாவில் ஜோடியாகத்தான் இறங்குவார்கள். என் காற்று தீர்ந்தால் அவனுடைய உபரி ரெகுலேட்டர்தான் எனக்குக் காற்று. அவனுக்கு மூச்சு முட்டினால் பிடித்து நிறுத்த வேண்டியது நான். அவன் போட்ட 'இல்லை' என்ற டிக், கூட இறங்குகிறவனிடமும் சொன்ன பதில். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறோம். யாரும் யாருக்கும் பெண் கொடுக்கவில்லை, கயிறும் இல்லை.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன் கூட்டத்துக்கு நடுவே கட்டைவிரலை உயர்த்திக்கொண்டிருக்கும் வீடியோ அனுப்பினான். பார்த்ததும் எனக்கு நிம்மதிதான் வந்தது.

டிசம்பரில் அந்தமான், ஹேவ்லாக் தீவு, நீதான் ஜோடி என்று போன வாரம் மெசேஜ் வந்தது. ஒரு நுரையீரல் மருத்துவரின் நம்பரை அனுப்பி, "கையெழுத்து வாங்கிட்டு வா, வரேன்" என்று போட்டேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. ராத்திரி, இரண்டு பேருக்கும் போட்ட விமான டிக்கெட் மட்டும் வந்தது.