யாருக்காக இந்தப் பள்ளி?

ஷாங்காயில் பிறந்த மகளுக்கு ஆறு வயது. மனைவி சீனப் பிரஜை, நான் கிள்ளான்காரன். 1980ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, சீனாவில் பிறந்து, பெற்றோரில் ஒருவர் சீனப் பிரஜையானால் பிள்ளையும் அப்படியே. இரட்டைக் குடியுரிமை கிடையாது. வெளிநாட்டவர் பிள்ளைகளுக்கான பள்ளியோ வெளிநாட்டுக் கடப்பிதழ் கேட்கும். உள்ளூரில் ஒன்பது ஆண்டு கட்டாயக் கல்வி, இலவசம்.

“எதுல போட்டா அவளுக்கு நல்லது?” என்றாள் மனைவி. எதில் போட்டால் மகள் என்னைப் போல வளர்வாள் என்றுதான் நான் கணக்குப் போட்டேன். கடப்பிதழை மாற்றக்கூட யோசித்தேன்.

“பேத்தி எங்கிட்ட என்ன பாஷையில பேசுவா?” என்று அம்மா கேட்டபோதுதான் உறைத்தது. தமிழ் இரண்டு பள்ளியிலும் இல்லை. ஆங்கிலத்தையே என் பக்கம் என்று நினைத்திருக்கிறேன்.

உள்ளூர்ப் பள்ளியிலேயே சேர்க்கிறோம். தமிழ் என் கடன். அதற்கு, அவள் தூங்குமுன் நான் வீடு திரும்ப வேண்டும்.