பழையதெனத் தீர்ப்பளிப்பவர் யார்?

கையிலுள்ள தொலைபேசி ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதியதொன்றை வாங்குவது தகுமா? பலர் இதை வெறும் பணக் கணக்காகவே பார்க்கின்றனர். வசதியுள்ளவன் வாங்குகிறான், இல்லாதவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், இதில் அறம் எங்கே வந்தது என்று கேட்கின்றனர். என்னைப் பொறுத்தவரை, பணக் கணக்குக்கு முன்னரே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஒரு பொருள் 'பழையதாகிவிட்டது' என்ற தீர்ப்பை வழங்குபவர் யார்? அதைப் பாவிக்கும் நானா, விற்பவரா?

இது திறன்பேசியோடு பிறந்த கேள்வியல்ல. 1924 ஆம் ஆண்டு ஜெனீவாவில் உலகின் பெரிய மின்குமிழ் உற்பத்தியாளர்கள் 'பீபஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டமைப்பை உருவாக்கினர். மின்குமிழின் ஆயுளை ஆயிரம் மணித்தியாலங்களாக மட்டுப்படுத்தியது அக்கூட்டு. அதற்கு மேல் எரியும் குமிழ்களைச் செய்த உறுப்பினர் தண்டப்பணம் கட்ட வேண்டியிருந்தது. பொருளின் ஆயுளை அதன் தரம் அல்ல, வியாபாரமே தீர்மானித்தது.

நமது காலத்துக் கதை இத்தனை வெளிப்படையானதல்ல. மின்கலம் முதிர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தனது மென்பொருள் குறைத்துவந்ததை 2017 டிசம்பரில் அப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. தொலைபேசி திடீரென அணைந்துபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கமும் தந்தது. விளக்கம் நியாயமானதாகவே இருக்கட்டும். ஆனால் பாவனையாளருக்கு அது சொல்லப்படவில்லை. பிறகு மின்கலம் மாற்றும் கட்டணம் 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைக்கப்பட்டது. புதிய மின்கலம் இட்டதும் அத்தொலைபேசிகள் இழந்த வேகத்தைத் திரும்பப் பெற்றன. அதற்கு முன்னர், 'இது கிழடாகிவிட்டது' என்றெண்ணிப் புதியதை வாங்கியவர்களின் முடிவைச் சுதந்திரமான முடிவென்று எப்படிச் சொல்வது? 2020 இல் பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்ததும் இந்தச் சொல்லாமைக்காகவே.

எல்லாப் பழியையும் நிறுவனங்கள்மீது போட்டுவிடவும் முடியாது. எனது தொலைபேசிக்கு நான்கு வயது. அதன் கண்ணாடியில் ஒரு கீறல். "வாப்பா, இன்னமும் இதையா வெச்சிக்கிட்டு இரிக்கீங்க?" என்கிறாள் மகள். கூட்டங்களில் அதை மேசைமீது வைக்கும்போது சிலரது கண்கள் அந்தக் கீறலில் ஒரு கணம் தங்கிச் செல்வதைக் காண்கிறேன். அந்தக் கணத்தில் எனக்குள் எழும் ஆசைக்கும் தொலைபேசியின் செயற்பாட்டுக்கும் எந்தத் தொடர்புமில்லை. குறைந்துபோனது அதன் வேகமல்ல, என் மதிப்பு என்று தோன்றுகிறது. விற்பவருக்கு நமது இந்தக் கூச்சமே மூலதனம்.

அதற்காகப் பழையதைக் கட்டிக்கொண்டு அழுவதும் அறமாகாது. பாதுகாப்பு இற்றைப்படுத்தல் நின்றுபோன தொலைபேசியில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது ஆபத்து. ஒரு திறன்பேசியின் மெய்யான வயதை அதன் தோற்றத்தில் அல்ல, இங்கேதான் பார்க்கவேண்டும். 2023 இல் கூகுளும் 2024 இல் சம்சுங்கும் தமது உயர்ரகத் தொலைபேசிகளுக்கு ஏழு வருட இற்றைப்படுத்தலை அறிவித்தன. அப்படியானால் முன்னைய இரண்டு, மூன்று வருடக் கெடு இயற்கை நியதியாக இருந்ததில்லை. மலிவான தொலைபேசிகளுக்கோ இன்றும் பெரும்பாலும் குறுகிய கெடுவே. குறைந்த விலைக்கு வாங்கும் ஏழைதான் அடிக்கடி மாற்றவேண்டியவனாகிறான்.

இந்நாட்டில் நாம் கண்டவை இன்னும் அண்மையவை. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைத்தொலைபேசிக்குள் வந்தபோது, ஒரே தொலைபேசிக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்த வீடுகளை எங்கள் ஊரில் பார்த்தேன். வேறு வீடுகளின் இலாச்சிகளில் இயங்கக்கூடிய தொலைபேசிகள் உறங்கிக் கிடந்தன. 2022 இல் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியது. தொலைபேசிக்குப் போகும் டொலரும் மருந்துக்கும் எரிபொருளுக்கும் தேவைப்படும் டொலரும் ஒன்றே என்பதை வரிசைகளில் நின்று படித்தோம். அதே 2022 இல் உலகில் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 வீதம் மட்டுமே.

ஆகவே கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளை நான் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தேவையான எந்த வேலையை இது செய்ய மறுக்கிறது? திருத்தினால் அது சரிவருமா? புதியதை வாங்கினால் பழையது நாளை யாருடைய கைக்குப் போகும்? முதலிரண்டுக்கும் நேர்மையான விடை கிடைத்தபின் வாங்குபவர் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. எனது தொலைபேசி எந்த வேலையையும் மறுக்கவில்லை. முற்பகலிலேயே மின்னேற்றம் தீர்ந்துபோவதுதான் அதன் குறை. பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள திருத்தும் கடையில் மின்கலத்தை மாற்றிக்கொண்டேன். கீறல் அப்படியே இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லவேண்டிய நாளும் ஒருநாள் வரும். அன்று அது இலாச்சிக்குள் போகாது.